கடலுக்கு ஸ்பின்னிங் ரீல்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பராமரிப்பது?

நீரோட்டம்:
வணக்கம். இதுவரை ஏரியிலும் ஆற்றிலும்தான் மீன் பிடித்து வந்தேன். இனிமேல் கரையில் நின்று கடலுக்குள் லூர் (போலி இரை) வீசலாம் என்று இருக்கிறேன். பாறை மீன் கிடைத்தால் சந்தோஷம். 4000 அல்லது 5000 அளவில் ஒரு ஸ்பின்னிங் ரீல் வாங்க வேண்டும். ஒரு பெட்டியில் 10 பேரிங் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ஐபிஎக்ஸ்6, மூன்றாவதில் 15 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது லைனை வழுக்கி விடும் பிடி). இதில் எதை நம்புவது? கழுவும் விஷயத்திலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் தண்ணீரே படக்கூடாது என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
ரீல் பழுது பார்ப்பது என் தொழில். அதனால் எந்த இடம் கெட்டுப்போய் என் மேஜைக்கு வருகிறது என்பதை வைத்தே சொல்கிறேன்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். மெயின் கியருக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, அதோடு பொருந்திச் சுற்றும் சின்ன பினியன் கியருக்கு ஒன்றோ இரண்டோ, லைன் ரோலருக்கு ஒன்று. இவை அவசியம். கைப்பிடிக் குமிழிலும் இருந்தால் நல்லது. அதற்கு மேல் வரும் ஒவ்வொன்றும் உப்பு போய் உட்கார இன்னொரு இடம்தான். 'ஸ்டெயின்லெஸ் பேரிங்' என்று போட்டிருந்தால் துருவே பிடிக்காது என்றும் நினைக்க வேண்டாம். நல்ல பேரிங்குகளில் அதிகம் பயன்படும் 440சி எஃகில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் உண்டு. ஆனால் கார்பனும் கிட்டத்தட்ட 1 சதவீதம் இருக்கிறது. அதனால் நல்ல கடினம், தேய்மானம் குறைவு. உப்பைத் தாங்குவதில் மட்டும் 316 வகை ஸ்டெயின்லெஸ் எஃகைவிட மட்டம்தான்.

கடல் ரீலில் முதலில் போகும் பாகம் லைன் ரோலர். கடல்தண்ணீரை நேராகச் சுமந்துகொண்டு வரும் லைன் ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல்தான் ஓடுகிறது. பல ரீல்களில் அதற்குள் இருப்பது 4×7×2.5 மி.மீ. அளவில் ஒரே ஒரு குட்டி பேரிங். அது இறுகினால் ரோலர் உருளாது. லைன் முறுக்கிக்கொள்ளும், பிரெய்டு (பின்னல் லைன்) ஒரே தடத்தில் தேய்த்துப் பள்ளம் போடும், அப்புறம் அந்தப் பள்ளமே லைனை அறுக்கும். லைன் தரமில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ரோலரைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஆகவே வாங்கும்போதே பாருங்கள்: ரோலர் ஒரே ஸ்குரூவில் கழன்று வருகிறதா, உள்ளே இருக்கும் பேரிங்கை மாற்ற முடிகிறதா? இது இல்லாத ரீலைக் கடலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உடல் விஷயம். அலுமினியம் கனம், ஆனால் பெரிய மீன் இழுக்கும்போது வளையாது. உடல் வளைந்தால் மெயின் கியரும் பினியனும் சரியாகப் பொருந்தாமல் பற்கள் தேயும். ஷிமானோவின் சிஐ4+, டைவாவின் ஸயான் போன்ற கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடல்கள் லேசானவை, அரிக்காது. 4000 அளவில் அவை போதும். அதற்கு மேல் போனால் என் ஓட்டு உலோகத்துக்கு.

வெள்ளலை:
தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல் பற்றி நான் சொல்கிறேன். ஐபிஎக்ஸ் என்பது ஒரு சோதனைத் தரம். ஐபிஎக்ஸ்5 என்றால் 6.3 மி.மீ. குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் அடிக்கும் தண்ணீரைத் தாங்க வேண்டும். ஐபிஎக்ஸ்6 என்றால் 12.5 மி.மீ. முனை, நிமிடத்துக்கு 100 லிட்டர். ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபிஎக்ஸ்8 அதையும் தாண்டியது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். பென் ஸ்பின்ஃபிஷர் 6-க்கு ஐபிஎக்ஸ்5, ஸ்லாமர் 4-க்கு ஐபிஎக்ஸ்6, அத்தாரிட்டிக்கு ஐபிஎக்ஸ்8.

பலர் கவனிக்காத ஒன்று: முக்கும் சோதனையில் தேறினால் பீய்ச்சும் சோதனையிலும் தேறியதாக அர்த்தம் கிடையாது. இரண்டும் தனித்தனி. அப்புறம், இந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புத்தம்புது பொருளில் நடக்கிறது. மணலும் உப்பும் சேர்ந்து ரப்பர் விளிம்பைத் தேய்த்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

டைவாவின் மேக்சீல் வேறு வழி. லைனைச் சுற்றிவிடும் சுழல் பாகமான ரோட்டருக்கும் உடலுக்கும் இடையே காந்தத்தால் பிடித்து வைத்த ஒரு எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தடுக்கும். ரப்பர் உரசல் இல்லாததால் சுற்றும்போது லேசாக இருக்கும். ஷிமானோவின் எக்ஸ்-புரொடெக்ட் தண்ணீர் உள்ளே வரும் வழியையே வளைத்து வளைத்து வைத்து, நீரை விலக்கும் கிரீஸையும் சேர்த்துத் தடுக்கிறது.

பாறை விளிம்பில் நின்று அலை அடிக்கும் இடத்தில் வீசுகிறவருக்கு சீல் கட்டாயம் வேண்டும் என்பது என் முடிவு. தலைக்கு மேல் வந்து விழும் அலைக்கு வேறு மருந்து இல்லை.

பல்சக்கரம்:
வெள்ளலை சொன்னதில் பெரும்பகுதி சரி. கடைசிக் கருத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. சீல் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, சரி. ஒரு தடவை உள்ளே போய்விட்ட தண்ணீரை வெளியே விடாமல் வைத்துக்கொள்வதும் அதே சீல்தான். சீல் இல்லாத சாதாரண ரீலில் உப்புத்தண்ணீர் போனால் சீக்கிரமே கரகரவென்று சத்தம் கேட்டுவிடும், உடனே திறந்துவிடுவோம். சீல் போட்ட ரீலில் ஆள் நிம்மதியாக இருப்பார். நான் திறக்கும்போது கிரீஸ் பால் நிறத்துக்கு மாறி, தண்ணீர் கலந்து குழம்பிக் கிடக்கும். சீல் ரீலை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதையும் திறக்க வேண்டும் என்று தெரிந்து வாங்குங்கள். ஸ்குரூக்களைக் கழற்றினால் பக்கமூடி வருகிறதா, சீல் வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றனவா, பாகங்களின் வரைபடம் பெட்டியிலோ தயாரிப்பாளர் தளத்திலோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பாறைமேடு:
டிராக் பற்றி யாரும் பேசவில்லையே. 15 கிலோ டிராக் என்பது திருகை முழுக்க இறுக்கினால் வருவது. அந்த அழுத்தத்தில் வழுக்கி வழுக்கி ஒரே சீராக லைன் விடுகிறதா என்பது வேறு கேள்வி. நீங்கள் வைக்கப் போவது லைனின் தாங்கு எடையில் 25 முதல் 30 சதவீதம். 15 கிலோ பிரெய்டு போட்டால் 4 கிலோவை ஒட்டி வரும். ஸ்பிரிங் தராசை லைன் நுனியில் கட்டி, ராடு வளைந்த நிலையில் இழுத்துப் பார்த்து வையுங்கள். கையால் இழுத்து 'சரியாக இருக்கும்' என்று விட்டுவிட வேண்டாம்.

அந்த 4 கிலோவும் அப்படியே நிற்காது. மீன் லைனை இழுத்துக்கொண்டு ஓடும்போது ஸ்பூலில் (லைன் சுற்றியிருக்கும் உருளை) லைன் குறைகிறது, சுற்றளவு சுருங்குகிறது. டிராக்கின் பிடி மாறாமல் இருக்கும்போது விட்டம் சுருங்கினால் லைனில் விழும் இழுவை கூடும். 60 மி.மீ. விட்டம் 45 ஆனால் 4 கிலோ 5.3 கிலோ ஆகிவிடும். பெரிய மீன் தூரம் போன பிறகு திருகை மேலும் இறுக்குகிறவர்களின் லைன் அறுவது இதனால்தான்.

டிராக்குக்குள் உரசிப் பிடிக்கும் வாஷர் கார்பன் ஃபைபராக இருந்தால் நல்லது. ஃபெல்ட் வாஷர் சின்ன மீனுக்கு மென்மையாக இருக்கும். சூரை மாதிரி நிற்காமல் ஓடும் மீனில் சூடேறிப் பிடி மாறும்.

நீரோட்டம்:
மிக்க நன்றி. கடையில் நின்று ஒரு ரீலைக் கையில் எடுத்தால் என்னென்ன பார்க்கலாம்? எல்லாமே புதிதாக வழவழவென்றுதான் சுற்றுகின்றன.

முள்முனை:
அந்த வழவழப்பை நம்பாதீர்கள். புது ரீலில் கெட்டியான கிரீஸை நிறையப் போட்டால் எந்தக் கியரும் பட்டு மாதிரிதான் சுற்றும். சும்மா சுற்றிப் பார்க்காமல் பாரம் கொடுத்துச் சுற்ற வேண்டும். லைனை ஒருவர் பிடித்து இழுக்க, நீங்கள் சுற்றுங்கள். பற்கள் உரசும் உணர்வு கைப்பிடியில் தெரிந்தால் வேண்டாம்.

ரோட்டரை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைப்பிடியை வெடுக்கென்று பின்பக்கம் தள்ளுங்கள், துளியும் பின்னால் போகக்கூடாது. கைப்பிடி ஆறுகோணத் தண்டை உள்ளே விட்டு எதிர்ப்பக்கம் ஸ்குரூ போடும் வகையா, நேராக கியருக்குள் மரை போட்டுத் திருகும் வகையா என்று பாருங்கள். இரண்டாவதுதான் ஆட்டம் இல்லாமல் இருக்கும். லைனைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளைவான பெயிலைத் திறந்து கையால் மூடும்போது டக்கென்று உட்கார வேண்டும். டிராக்கை மிகத் தளர்த்தி ஸ்பூலிலிருந்து லைனை மெதுவாக இழுங்கள். விட்டு விட்டு வந்தால் தள்ளிவிடுங்கள். கொஞ்சம் இறுக்கி மறுபடி இழுங்கள்.

அளவு எண் எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒன்றல்ல. ஒருவரின் 4000 இன்னொருவரின் 5000-ஆக இருக்கலாம். எடையையும் லைன் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். கியர் விகிதமும் தனியாக ஒன்றும் சொல்லாது: 55 மி.மீ. ஸ்பூலும் 5.6:1 விகிதமும் இருந்தால் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 97 செ.மீ. லைன் வரும். பாப்பர் (நீர்மேல் சத்தம் எழுப்பும் லூர்) வீச இது போதும்.

பழைய ரீல் வாங்குவதாக இருந்தால் ஸ்பூலைக் கழற்றி அடியில் பாருங்கள். ஸ்பூல் உட்காரும் மெயின் ஷாஃப்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, ரீல் காலருகே கொப்புளம் விட்ட வண்ணப்பூச்சு, தலை வழித்த ஸ்குரூ. இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே வேலை இருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடியைச் சுற்றும்போது ஸ்பூல் தள்ளாடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, தொடவே வேண்டாம்.

பாறைமேடு:
கழுவுவதற்கு வருகிறேன். வாளியில் முக்குவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெயிலில் சூடான ரீலுக்குள் சூடான காற்று இருக்கிறது. குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் அந்தக் காற்று சுருங்கும், வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சீல் இருந்தாலும் இந்த உறிஞ்சல் அதை எதிர்த்து வேலை செய்யும். குழாயை அழுத்தி வேகமாகப் பீய்ச்சுவதும் தவறு, மேலே இருக்கும் உப்பை உள்ளே தள்ளுவதுதான் மிச்சம்.

நான் செய்வது இது. வந்ததும் ரீல் சூடு ஆறட்டும். டிராக் திருகை நன்றாக இறுக்கிவிடுங்கள், வாஷருக்குள் தண்ணீர் போகாது. பூவாளி போல மெல்லிய தண்ணீரில், சாதாரணக் குளிர்ந்த நல்ல தண்ணீரில், மேலிருந்து நனையுங்கள். வெந்நீர் கிரீஸை இளக்கிவிடும். லைன் ரோலரின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் அதிகம் விடுங்கள், விரலால் உருட்டிக்கொண்டே. கழுவும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள், ஷாஃப்ட் மேலும் கீழும் போய் வரும்போது ஈரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போகும். உதறி, துணியால் துடைத்து, ஸ்பூலைக் கழற்றி நிழலில் தனியாக உலரவிடுங்கள். கடைசியில் டிராக்கைத் தளர்த்திவிட்டு எடுத்து வையுங்கள்.

கரையோரம்:
நான் இத்தனை நாள் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ரீல் நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் வேண்டுமா?

பாறைமேடு:
துணி எட்டாத இடத்தில்தான் பிரச்சினை, நண்பரே. காய்ந்த உப்பு சும்மா கிடக்காது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது அதைவிட வெகு குறைந்த ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த ரீல் இரவெல்லாம் உப்புத்தண்ணீரில்தான் இருக்கிறது. துடைப்பதால் உடல் பளபளக்கும். ரோலர் இடுக்கிலும் பெயில் மூட்டிலும் இருப்பதைக் கரைத்து எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

பிரெய்டையும் மறக்காதீர்கள். அது கடல்தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஸ்பூலின் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடக்கும். முக்கி வைக்கலாம் என்றால் அது ஸ்பூலை மட்டும்தான். அதுவும் டிராக் வாஷர்களை வெளியே எடுத்த பிறகு.

பல்சக்கரம்:
எண்ணெய், கிரீஸ் பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உப்பு கெடுத்ததற்கு அடுத்தபடியாக என் மேஜைக்கு வருவது தவறான இடத்தில் கிரீஸ் போட்டு வந்த ரீல்கள்.

வேகமாகச் சுழலும் சிறிய பேரிங்குக்கு எண்ணெய்: லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ். கடலுக்குப் போய் வந்து காய்ந்ததும் ரோலருக்கு ஒரு துளி, அவ்வளவுதான். மெயின் கியர், பினியன் பற்கள், ஸ்பூலை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி இவற்றுக்கு கிரீஸ். உடலுக்குள் இருக்கும் பெரிய பேரிங்குகளுக்குக் கடல் ரீலில் கிரீஸ்தான் வைப்பேன். சுற்று கொஞ்சம் கனக்கும், ஆனால் உப்புக்கு இடம் இருக்காது. கால்சியம் சல்ஃபோனேட் வகை கிரீஸ் தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது, அரிப்பையும் தடுக்கும். பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியதைப் போடுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் நீர்த்து ஓடிவிடும்.

டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்களை ரீலுக்குள் அடிக்காதீர்கள். அதில் இருக்கும் கரைப்பான் கிரீஸைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். இறுகிப்போன ஸ்குரூவை எடுக்க உதவும், அதற்கு மேல் அதற்கு இங்கே வேலை இல்லை.

கரையோரம்:
இந்தக் கேள்விக்குச் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். போன முறை ரோட்டரைக் கழற்றி எல்லா இடத்துக்கும் கிரீஸ் போட்டு மூடினேன். இப்போது சில சமயம் முள் மாட்ட இழுக்கும்போது கைப்பிடி பின்பக்கம் நழுவுகிறது. கியர் போய்விட்டதா?

பல்சக்கரம்:
கியர் நன்றாகத்தான் இருக்கும், தம்பி. ரோட்டருக்கு அடியில் பின்சுழற்சியைத் தடுக்கும் ஒரு பேரிங் இருக்கிறது. அதில் குண்டுகள் கிடையாது, சின்னச் சின்ன உருளைகள். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் சரிவில் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னால் சுற்ற முயன்றால் உருளை சரிவில் ஆப்பாக இறுகி நிறுத்தும். அங்கே கிரீஸ் இருந்தால் அந்த ஸ்பிரிங்கால் உருளையைத் தள்ள முடியாது, அதனால்தான் நழுவுகிறது. குளிர் நேரத்தில் இன்னும் அதிகமாக நழுவும்.

அந்த பேரிங்கை உருளைகள் சிதறாமல் மொத்தமாக எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி உலர்த்துங்கள். மிக லேசான எண்ணெயைத் துணியில் தொட்டு உருளைகள் மேல் பூசினால் போதும். சொட்டுச் சொட்டாக விட வேண்டாம். உள்ளே வரும் உருக்குக் குழலையும் துடையுங்கள், உருளைகள் பிடிப்பது அதன்மேல்தான். அதில் கோடு விழுந்திருந்தால் குழலையே மாற்ற வேண்டும்.

வெள்ளலை:
மேக்சீல் ரீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரோட்டருக்கு அடியில் நீங்களாகத் திறக்காதீர்கள். அந்தக் காந்த எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்தால் தடுப்பு போச்சு. மேக்சீல் போட்ட லைன் ரோலரிலும் எண்ணெய் விடக்கூடாது. பல்சக்கரம் சொன்ன 'ஒரு துளி' இந்த வகைக்குப் பொருந்தாது.

பல்சக்கரம்:
உண்மை. நல்ல வேளை சொன்னீர்கள்.

நீரோட்டம்:
வெளியே கழுவி எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தால், பக்கமூடியை எப்போது திறக்க வேண்டும்? சத்தம் கேட்கும்வரை காத்திருக்கலாமா?

பல்சக்கரம்:
காத்திருக்காதீர்கள். சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கெனவே குழி விழுந்திருக்கும், அதை எண்ணெயால் சரி செய்ய முடியாது. தொடர்ந்து கடலுக்குப் போகிறவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது திறக்க வேண்டும். அலையில் நனைந்து விழுந்து எழுந்தால் அன்றைக்கே. ரீல் கடலுக்குள் முழுகிவிட்டது என்றால் சீல் ரீலாக இருந்தாலும் திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கும்போது ஸ்குரூடிரைவரில் கவனம். ஜப்பான் தயாரிப்புகளில் ஜேஐஎஸ் (ஜப்பான் தரம்) வகைத் தலைதான் வரும். பார்வைக்கு பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் தலையை வழித்துவிடும். மரை போட்ட கைப்பிடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிர் மரை. ரோட்டர் நட்டும் சில மாடல்களில் எதிர்த்திசையில் கழலும். வராவிட்டால் பலம் கொடுக்காமல் வரைபடத்தைப் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ அலுமினிய உடலில் இறங்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்கலம் போல அரிப்பு நடக்கும், கரைவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி பருத்து ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எடுக்கும்போது தலை முறியும். திரும்ப மூடும்போது ஒவ்வொரு மரையிலும் கொஞ்சம் நீர்த்தடுப்பு கிரீஸ் தடவுங்கள். நேரமே இல்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கரையோரம்:
பேரிங்கை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டேன், இப்போது நழுவவில்லை. மிக்க நன்றி அண்ணே. ஆனால் பக்கமூடியையும் திறந்தபோது மெயின் கியர் தண்டிலிருந்து காகிதம் போல மெல்லிய வளையம் ஒன்று விழுந்தது. எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை. அது இல்லாமலும் ரீல் சுற்றுகிறது.

பல்சக்கரம்:
சுற்றும், ஆனால் போடாமல் மூடாதீர்கள். அது ஷிம். மெயின் கியர் பினியனிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதுதான். அது இல்லாவிட்டால் கியர் பக்கவாட்டில் ஆடும், பற்கள் விளிம்பில் மட்டும் கடிக்கும். எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் இருக்கும். வரைபடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு பக்கம் போட்டு மூடி, கைப்பிடியை உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள், பாரம் கொடுத்தும் சுற்றுங்கள். பிறகு அடுத்த பக்கம் மாற்றிப் போட்டு அதையே செய்யுங்கள். ஆட்டமும் கரகரப்பும் குறைவாக இருக்கும் பக்கம்தான் சரி. பேரிங்கின் உள்வளையத்தில் ஷிம்மின் வட்டத் தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கியரின் இரு பக்கத்தையும் பேரிங்குகளையும் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.